நல்லர்போரை மோட்டார் சைக்கிளில் கடக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் ஊரில் தொடங்கி தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் அகஸ்டாவில் முடிகிறது எயர் நெடுஞ்சாலை. நீளம் ஏறத்தாழ 1,670 கி.மீ. நல்லர்போர் என்ற வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சமவெளியின் தென்விளிம்பில் ஓடும் இந்தச் சாலைக்கு முழுவதும் தார் போட்டு முடித்ததே 1976-இல்தான். பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு நகரங்களில் வாழும் வாசகர்களும், இங்கிருந்து போய் வாடகை வண்டியில் கடக்க நினைக்கும் வாசகர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கோயம்புத்தூர் வாசகர்: எந்த மாதத்தில் போவது நல்லது? பெர்த்திலிருந்து கிழக்கே போவதா, அடிலெய்டிலிருந்து மேற்கே போவதா?

ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தவிர்த்துவிடுங்கள். 2019 டிசம்பர் 19-இல் நல்லர்போரில் பதிவான வெப்பம் 49.9 டிகிரி செல்சியஸ். காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டுக்கொள்வார். உங்களுக்கு அது இல்லை. ஜூன், ஜூலையில் போகலாம். ஆனால் பகல் நேரம் குறைவு, இரவில் குளிர் கடுமை. அதற்கு ஈடாக ஒன்று கிடைக்கும்: நல்லர்போர் ரோட்ஹவுஸுக்கு (ரோட்ஹவுஸ்: பெட்ரோல், சாப்பாடு, தங்க அறை கிடைக்கும் சாலையோர நிலையம்) சற்றுக் கிழக்கே உள்ள ஹெட் ஆஃப் பைட் கடற்கரையில் குட்டிகளோடு திமிங்கிலங்களைப் பார்க்கலாம்.

திசையைப் பொறுத்தவரை மேற்கிலிருந்து கிழக்கே போகச் சொல்வோம். குளிர்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும் மேற்குக் காற்று அடிக்கடி வீசும்; அது முதுகில் பட்டால் பெட்ரோல் மிச்சம், கழுத்துக்கும் சுகம். இன்னொரு காரணம் சூரியன். மேற்கே போகிறவருக்கு மாலை வெயில் நேராகக் கண்ணில் விழும். கங்காருக்கள் சாலைக்கு வரத் தொடங்குவதும் அந்த நேரத்தில்தான். கிழக்கே போகிறவருக்குக் காலையில் கண் கூசும் என்பது உண்மை. ஆனால் கீழே சொல்லப்போகிறபடி சூரியன் உதித்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பினால் அந்தத் தொல்லை பாதியாகிவிடும்.

பெர்த் வாசகர்: என் 650 சிசி வண்டியின் டேங்க் 13.7 லிட்டர். போதுமா? பெட்ரோல் கிடைக்காத அதிகபட்ச தூரம் எவ்வளவு?

முதலில் தூரங்களை எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள். எல்லாம் ஏறத்தாழக் கணக்கு. நார்ஸ்மனிலிருந்து பலடோனியா 191 கி.மீ. அங்கிருந்து கைகூனா 182. அடுத்து காக்கிள்பிடி 65, மதூரா 91, மண்ட்ரபில்லா 116, யூக்லா 66, பார்டர் வில்லேஜ் 12. மாநில எல்லை தாண்டியதும் நல்லர்போர் ரோட்ஹவுஸ் வரை 186 கி.மீ.; நடுவில் ஒன்றுமில்லை. பிறகு நண்ட்ரூ 145, பெனாங் 79, செடூனா 73. செடூனாவுக்குப் பிறகு ஊர்கள் வந்துவிடும். ஆக, 180-ஐத் தாண்டும் இடைவெளிகள் மூன்று.

உங்கள் வண்டி மூட்டை முடிச்சுகளோடு 110 வேகத்தில் லிட்டருக்கு 22 கி.மீ. தருகிறது என்று வைப்போம். 13.7 லிட்டரில் கடைசி ஒரு லிட்டரை நம்பாமல் 12.7 என்று எடுத்தால் 279 கி.மீ. பார்ப்பதற்குத் தாராளமாகத் தெரியும். எதிர்காற்று அடித்து மைலேஜ் கால் பங்கு குறைந்தால் அது 209 ஆகிவிடும். 191 கி.மீ. போக மிச்சம் 18 கி.மீ. பலடோனியாவில் பம்ப் பழுது என்றாலோ, நீங்கள் போய்ச் சேரும்போது மூடியிருந்தாலோ அங்கேயே காத்துக் கிடக்க வேண்டியதுதான். எல்லா ரோட்ஹவுஸும் இரவு முழுக்கத் திறந்திருப்பதில்லை.

எதிர்காற்றில் பலரும் செய்யும் தவறு, வேகத்தைக் குறைக்காமல் ஆக்சிலரேட்டரை இன்னும் திருகுவது. வண்டி தள்ளவேண்டியிருப்பது தரை வேகத்தை அல்ல, காற்று வேகத்தை. 110-இல் போகிறீர்கள், 30 கி.மீ. எதிர்காற்று என்றால் வண்டியைப் பொறுத்தவரை அது 140. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும் என்பதால் பெட்ரோல் கரைவது கண்ணுக்கே தெரியும். அதே காற்றில் 85-க்கு இறங்கினால் காற்று வேகம் 115. காற்றில்லாத நாளில் 110-இல் போவதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு மணி நேரம் தாமதமாகும், ஆனால் போய்ச் சேர்வீர்கள்.

5 லிட்டர் கேன் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்காற்றிலும் 80 கி.மீ. தரும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கேனாக இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலில் ஊற்றக் கூடாது. வெயிலில் பெட்ரோல் விரியும், ஆகவே கழுத்து வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். நிரப்பும்போது கேனைத் தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். பிளாஸ்டிக் பெட்டி மேலோ சீட் மேலோ வைத்து நிரப்பினால் நிலைமின்னூட்டத் தீப்பொறி வர வாய்ப்பு உண்டு. சைலன்சர் இல்லாத பக்கமாகக் கட்டுங்கள்.

கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை அவசியம். முழுச் சுமையோடு, டேங்கை நிரப்பி, நெடுஞ்சாலையில் 200 கி.மீ. ஓட்டி மறுபடி நிரப்பி, உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜைக் கண்டுபிடியுங்கள். நகரத்தில் கிடைக்கும் எண் இந்தச் சாலையில் செல்லாது. வழியில் எந்த ரோட்ஹவுஸ் வந்தாலும், டேங்க் பாதிக்கு மேல் இருந்தாலும், நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி. விலை நகரத்தைவிடக் கூடுதல்தான். அதை இங்கே கணக்குப் பார்க்காதீர்கள்.

பல இடங்களில் 91 ஆக்டேன் சாதா பெட்ரோல் மட்டுமே கிடைக்கும். பழங்குடிச் சமூகங்களை ஒட்டிய சில நிலையங்களில் ஓபல் என்ற பெயரில் வாசனைச் சேர்மங்கள் குறைந்த பெட்ரோல் இருக்கும். முகர்ந்து போதையேற்றும் பழக்கத்தைத் தடுக்கக் கொண்டுவரப்பட்டது அது. 91 ஆக்டேன் கேட்கும் எஞ்சினுக்கு இரண்டும் ஒன்றுதான். 95 கேட்கும் எஞ்சின் என்றால், உயர்ந்த கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் திணறவிடாமல் ஒரு கியர் இறக்கி மிதமாக ஓட்டுங்கள். டிக் டிக் என்று எஞ்சின் தட்டும் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறையுங்கள்.

மெல்பர்ன் வாசகர்: சாலை நேர்கோடு, போக்குவரத்தும் இல்லை. ஒரு நாளைக்கு 1,000 கி.மீ. அடித்து இரண்டு நாளில் முடித்துவிடலாமா?

வேண்டாம். இந்தச் சாலையில் நாளை அளக்கவேண்டியது கிலோமீட்டரால் அல்ல, வெளிச்சத்தால். உதயத்துக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பி, அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வண்டியை நிறுத்திவிட வேண்டும். மே மாதத்தில் பகல் பத்தரை மணி நேரம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது எட்டரை. பெட்ரோல், சாப்பாடு, ஓய்வு எல்லாம் போக, 350 முதல் 400 கி.மீ. ஓட்டினால் நிதானமான நாள்.

இருட்டில் ஏன் கூடாது என்பதைக் கணக்காகவே பாருங்கள். 110-இல் வண்டி நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கில் கை வைக்க ஒன்றரை நொடி, அதற்குள் 46 மீட்டர். நல்ல டயரும் நல்ல பிரேக்கும் இருந்தால் நிற்க இன்னும் 67 மீட்டர். மொத்தம் 113. லோ பீம் விளக்கு உங்களுக்குத் தெளிவாகக் காட்டுவது ஏறக்குறைய 50 மீட்டர். அந்த வெளிச்சத்துக்குள் நிற்க வேண்டுமானால் 60-இல் ஓட்ட வேண்டும். 60-இல் நல்லர்போரைக் கடக்க யாரும் வருவதில்லை. எனவே இரவில் ஓட்டவே வேண்டாம்.

கங்காரு மட்டுமல்ல, ஈமு, வோம்பாட், ஒட்டகம் மூன்றும் இங்கே உண்டு. ஒட்டகம் உயரமானது, மோதினால் கால்கள் தட்டி உடல் உங்கள் மேல் விழும். ஈமு பகலிலும் வரும், ஓடிக்கொண்டிருக்கும்போதே திசை மாறும். ஒரு கங்காரு கடந்துவிட்டது என்று வேகமெடுக்காதீர்கள். கூட்டத்தில் அடுத்தது பின்னால் வரும். குறுக்கே வந்தால் வண்டியை நேராக வைத்துக்கொண்டு இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் கொல்லுங்கள். 110-இல் வளைத்துத் தப்பிக்கப் பார்ப்பவர்கள் சரளைக் கரையில் விழுகிறார்கள்.

பகலில் இன்னொரு விருந்தாளி, ஆப்பு வால் கழுகு. செத்த கங்காருவைத் தின்றுகொண்டிருக்கும். பெரிய பறவை, வயிறு நிறைந்திருந்தால் மெல்லத்தான் எழும், அதுவும் காற்றை எதிர்த்து எழும். தூரத்திலேயே ஹாரன் அடித்து, வேகத்தை 60-க்குக் குறைத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக விலகிப் போங்கள்.

பலடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் நடுவே 146.6 கி.மீ. ஒரு வளைவுகூட இல்லாத நேர்சாலை. அங்கே எதிரி தூக்கம். மூன்று நொடி கண் செருகினால் 90 மீட்டர் போயிருப்பீர்கள். 80, 100 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, பத்து நிமிடம் நடங்கள். 'அடுத்த ரோட்ஹவுஸில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைப்பு வந்தாலே அங்கேயே நிறுத்த வேண்டும் என்று பொருள். காதில் பஞ்சு அடைப்பான் கட்டாயம். நாள் முழுக்க ஹெல்மெட்டில் அடிக்கும் காற்றின் இரைச்சல் காதையும் கெடுக்கும், களைப்பையும் கூட்டும்.

நாள் பிரித்துக் கேட்டால் எங்கள் கணக்கு இது: நார்ஸ்மன் முதல் கைகூனா 373, கைகூனா முதல் யூக்லா 338, யூக்லா முதல் நண்ட்ரூ 343, நான்காம் நாள் செடூனா வழியாகக் கிம்பா. ரோட்ஹவுஸ்களில் அறைகள் குறைவு. முன்பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லாவிட்டால் அறை தேடி அடுத்த ரோட்ஹவுஸுக்கு இருட்டில் ஓட்ட வேண்டியிருக்கும்.

சேலம் வாசகர்: ரோட் ட்ரெயின் என்ற நீண்ட லாரிகளைப் பற்றிச் சொல்கிறார்கள். எப்படி முந்துவது?

அவசரப்படாமல் முந்துவது. சாதாரணமாக இந்தச் சாலையில் வரும் இரட்டை டிரெய்லர் ரோட் ட்ரெயினின் நீளம் 36.5 மீட்டர், அதைவிட நீளமானதும் வரும். அது 100-இல் போகிறது, சாலையின் வேக வரம்பு 110, நீங்கள் 110. வேக வித்தியாசம் 10 கி.மீ., அதாவது நொடிக்கு 2.8 மீட்டர். பின்னால் 20 மீட்டரில் தொடங்கி, லாரியைக் கடந்து, முன்னால் 20 மீட்டர் விட்டு உள்ளே வர 77 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 27 நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் 840 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே 110-இல் வருகிறவரும் அதே 840 மீட்டர் வந்திருப்பார். ஆக, உங்கள் முன்னால் 1.7 கி.மீ. சாலை வெறுமையாக இருக்க வேண்டும். கானல் நீர் அசையும் மதியத்தில் அவ்வளவு தூரத்தில் வரும் காரைச் சரியாகக் கணிக்கவே முடியாது. லாரி 90-இல் போனால் வேலை எளிது: 14 நொடி, 430 மீட்டர். எனவே முந்தும் பாதை வரும் வரையோ, லாரி மேட்டில் வேகம் குறையும் வரையோ காத்திருங்கள்.

காத்திருக்கும்போது ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். லாரியின் வால் பகுதியில் காற்று சுழலும், சக்கரத்திலிருந்து கல் தெறிக்கும், ஓட்டுநருக்குக் கண்ணாடியில் நீங்கள் தெரியவும் மாட்டீர்கள். நான்கைந்து நொடி இடைவெளி விட்டு, அவருடைய வலது கண்ணாடியில் முகம் தெரியும்படி நில்லுங்கள். யுஎச்எஃப் ரேடியோ வைத்திருந்தால் 40-ஆம் சேனலில் கேளுங்கள். லாரி ஓட்டுநர்கள் பேசிக்கொள்ளும் சேனல் அது. முன்னால் சாலை வெறுமையா என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். அவர் 'வா' என்று சொன்னாலும் சாலையை உங்கள் கண்ணால் பார்த்த பிறகே வெளியே வாருங்கள்.

எதிரே வரும் லாரிதான் புதியவர்களைப் பயமுறுத்தும். இரண்டு அடி விழும். லாரியின் மூக்கு உங்களைக் கடக்கும்போது ஒரு தள்ளு. வால் கடக்கும்போது உள்ளே இழுப்பதுபோல் ஒரு சுழல். லாரி வருவதற்கு முன்பே உங்கள் பாதையின் இடப்பக்கமாக நகருங்கள், ஆனால் சரளைக் கரை வரை போக வேண்டாம். உடம்பைத் தாழ்த்தி, முழங்காலால் டேங்கைக் கவ்வி, கைப்பிடியைத் தளர்வாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடித்தால் உங்கள் உடம்பின் ஆட்டம் முழுவதும் ஹேண்டில்பாருக்குப் போய்விடும்.

அடிலெய்டு வாசகர்: 110-ஐத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் பாம்புபோல நெளிகிறது. மெக்கானிக் எல்லாம் சரி என்கிறார்.

பின்னால் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் காரணம் அதுதான். டாப் பாக்ஸில் 10 கிலோ, அதன் மேல் கூடாரப் பை, எல்லாம் பின் சக்கர அச்சுக்குப் பின்னால், உயரத்தில். முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்து ஸ்டீயரிங் இலேசாகிவிடும். பக்கக் காற்றோ லாரிக் காற்றோ ஒரு தட்டு தட்டினால் நெளிவு ஆரம்பிக்கும்.

கனமானதையெல்லாம் (கருவிகள், தண்ணீர், உதிரிகள்) டேங்க் பேகிலும் பக்கப் பெட்டிகளின் அடியிலும் வையுங்கள். இலேசான துணிமணி மட்டும் மேலே. இரண்டு பக்கப் பெட்டிகளுக்கும் எடை வித்தியாசம் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். பின் ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கைச் சுமைக்கு ஏற்றபடி இரண்டு மூன்று படி ஏற்றுங்கள். டயர் காற்று, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) ஆட்டம், ஸ்டீயரிங் பேரிங் ஆட்டம் இந்த மூன்றையும் சென்டர் ஸ்டாண்டில் போட்டு அசைத்துப் பாருங்கள்.

ஓடும்போது நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்சிலரேட்டரைச் சடாரென்று மூடவும் வேண்டாம். இரண்டுமே எடையை முன்னால் தள்ளி ஆட்டத்தைக் கூட்டும். மெல்ல ஆக்சிலரேட்டரைக் குறைத்து, உடம்பை முன்னால் சாய்த்து, கையைத் தளர்த்துங்கள். வேகம் 90-க்குக் கீழே வந்தால் தானே அடங்கும்.

திருநெல்வேலி வாசகர்: டயர், பஞ்சர் விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்? என் வண்டி ட்யூப் டயர்.

பெர்த்திலிருந்து அடிலெய்டு வரை மொத்தம் 2,700 கி.மீ. வரும். சொரசொரப்பான ஜல்லித் தார். சுமையோடு நேராகவே ஓடுவதால் பின் டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து தட்டையாகும். பாதிக்கு மேல் தேய்ந்த பின் டயரோடு கிளம்ப வேண்டாம். வழியில் உங்கள் அளவு டயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

காற்றைக் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அளவு பாருங்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு என்று வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் ஒரு பிஎஸ்ஐ கூடும். மதியம் அளந்து 'ஐந்து பிஎஸ்ஐ அதிகம்' என்று காற்றை இறக்கிவிடுவது பெரிய தவறு. காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கி, இன்னும் சூடாகி, நார்கள் பிரிந்து வெடிக்கும்.

ட்யூப் டயருக்கு இவை வேண்டும்: முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு புது ட்யூப், மூன்று டயர் லீவர், அச்சு நட்டுக்கான ஸ்பேனர், வால்வு கோர் கழற்றும் சாவி, ஒட்டு வில்லைகள், கரடுத் தாள், பசை, 12 வோல்ட் காற்று பம்ப். பசை ட்யூபைத் திறந்து பாருங்கள். ஒருமுறை திறந்த பசை உள்ளேயே காய்ந்திருக்கும். இடம் குறைவு என்றால் முன்சக்கரத்துக்கான 21 அங்குல ட்யூபை மட்டும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. நெருக்கடியில் அதைப் பின்சக்கரத்துக்குள் மடித்துப் போட்டு, மெல்ல ஓட்டி அடுத்த ஊர் வரை போய்விடலாம். ஆனால் இந்தச் சாலையில் அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று யோசித்து, இரண்டையும் எடுத்துக்கொள்வதே சரி.

பஞ்சர் ஆனால் சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். சைட் ஸ்டாண்ட் புதையாமலிருக்க ஒரு தட்டையான பலகைத் துண்டு எப்போதும் கையில் இருக்கட்டும். ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்பக்கம் முழுவதும் துணியால் தடவிப் பாருங்கள். ஆணியோ முள்ளோ அங்கேயே இருந்தால் புது ட்யூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். லீவர் போடும்போது எதிர்ப்பக்கத்து டயர் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். அதை முழங்காலால் அமுக்கிவைத்தால் பலமே தேவைப்படாது. பலம் தேவைப்படுகிறது என்றால் விளிம்பு பள்ளத்தில் இறங்கவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில்தான் லீவர் ட்யூபைக் கடிக்கும். ட்யூபில் கொஞ்சம் காற்று வைத்துப் போட்டால் மடியாது.

ட்யூப்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆணியைப் பிடுங்கி, துளையைத் துருவி, பசை தடவிய நாரைச் சொருகி, வெளியே அரை விரல் விட்டு வெட்டி, காற்றடித்து, எச்சில் தொட்டு நுரை வருகிறதா என்று பாருங்கள். பக்கச் சுவரில் துளை என்றால் இந்த முறை செல்லாது. அடைத்த டயரில் 80-ஐத் தாண்டாதீர்கள்.

சென்னை வாசகர்: செயின், ஆயில் பராமரிப்பு?

400, 500 கி.மீ.க்கு ஒருமுறை, அதாவது தினமும் மாலை வண்டியை நிறுத்தியதும், செயின் சூடாக இருக்கும்போதே உட்பக்கமாக மசகு எண்ணெய் அடியுங்கள். இரவில் அது உள்ளே ஊறும். காலையில் அடித்துவிட்டுக் கிளம்பினால் பாதி பின் டயரில் தெறிக்கும். தளர்வு உங்கள் வண்டி கையேட்டில் உள்ளபடி, பொதுவாக 30 முதல் 40 மி.மீ. சக்கரத்தைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து, எங்கே அதிக இறுக்கமோ அந்த இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். சுமை ஏறினால் செயின் இன்னும் இறுகும். இறுகிய செயின் எஞ்சினின் முன் ஸ்ப்ராக்கெட் பேரிங்கைத் தின்றுவிடும். தளர்ந்த செயினைவிட அது மோசம். செயினுக்கான இணைப்புக் கண்ணி ஒன்று பையில் இருக்கட்டும்.

ஆயிலைத் தினமும் காலையில் பாருங்கள். மணிக்கணக்கில் ஒரே ஆர்பிஎம்மில் ஓடும் காற்றுக் குளிர்ப்பு எஞ்சின், நகரத்தில் குடிக்காத ஆயிலை இங்கே குடிக்கும். அதே கிரேடில் ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்து, எஞ்சினை 4,000 ஆர்பிஎம்மில் வைத்துப் பாருங்கள்: 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினாலோ 13-க்குக் கீழே இருந்தாலோ ரெகுலேட்டர் ரெக்டிஃபயரைப் பார்க்கச் சொல்லுங்கள். பாலையில் அதை மாற்ற வழி இல்லை.

மதுரை வாசகர்: வெயிலுக்கு நாம் பழகியவர்கள்தானே? தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

மதுரை வெயிலில் நிழல் உண்டு, டீக்கடை உண்டு. இங்கே 100 கி.மீ.க்கு நிழலே இல்லாத இடங்கள் இருக்கின்றன. ஆளுக்கு 5 லிட்டர் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ரோட்ஹவுஸ்களில் குடிதண்ணீர் கிடைப்பது அரிது, குழாய்த் தண்ணீரை நம்பாமல் பாட்டில் வாங்குங்கள். வெயிலில் ஓட்டும்போது மணிக்கு முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை, சிறுகச் சிறுகக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் உடம்பில் உப்பு நீர்த்துப்போகும். ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திருங்கள். இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு அரை டீஸ்பூன் உப்பும் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும், தலை தட்டி அளந்து.

வெப்பம் 35-ஐத் தாண்டினால் ஜாக்கெட்டைக் கழற்றுவதும் எல்லா ஜிப்பையும் திறப்பதும் உதவாது. தோலைவிடச் சூடான காற்று வேகமாக அடிக்கும்போது உடம்பைச் சுடவே செய்யும். வியர்வையும் சுரக்கும் வேகத்தைவிட வேகமாக உலர்ந்துவிடும். பருத்திச் சட்டையை நனைத்துப் போட்டு, அதன் மேல் ஜாக்கெட் போட்டு, மார்பில் ஒரு சிறு திறப்பும் முதுகில் ஒரு திறப்பும் மட்டும் விடுங்கள். அரை மணிக்கு மேல் ஈரம் நிற்கும். ஒருவர் பேச்சுக் குழறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ அது வெறும் களைப்பல்ல, வெப்பத் தாக்கு. வெள்ளி நிறத் தார்ப்பாயை வண்டியில் கட்டி நிழல் உண்டாக்கி, உடம்பு முழுக்க நனைத்து விசிறி, உடனே உதவி கேளுங்கள்.

பெங்களூரு வாசகர்: செல்போன் எடுக்காத இடத்தில் விபத்து என்றால்?

ரோட்ஹவுஸ்களை ஒட்டித்தான் சிக்னல் இருக்கும். அதுவும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா. அவசர எண் 000. சிக்னல் இல்லாத இடத்துக்கு 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (சாட்டிலைட் வழியாக ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவி) ஒன்றை ஆஸ்திரேலியாவிலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டிலைட் போனையும் சாட்டிலைட் செய்திக் கருவிகளையும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக நினைக்காதீர்கள். அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். பீக்கனை உடம்பில் கட்டிக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் வேண்டாம். வண்டி ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் கிடக்கும்போது பெட்டிக்குள் இருப்பது பயன்படாது.

சாலையில் சில இடங்களில் வரிக்குதிரைக் கோடுகள்போல வெள்ளைப் பட்டைகளும், சாலை அகலமாவதும் தெரியும். ராயல் ஃப்ளையிங் டாக்டர் சர்வீஸ் விமானம் இறங்கும் ஓடுபாதை அது. போட்டோவுக்காக அங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடந்து போகவே கூடாது. அந்தச் சாலையில் யாராவது வருவார்கள், வருகிறவர் நிற்பார். சாலையோர உதவிக்கு மேற்கில் ஆர்ஏசி, தெற்கில் ஆர்ஏஏ. அடிப்படைத் திட்டத்தில் இழுத்துச் செல்லும் தூரம் குறைவு. கிளம்புவதற்கு முன் அதைக் கேட்டு உயர் திட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: இந்திய உரிமம் செல்லுமா?

மோட்டார் சைக்கிள் ஓட்ட அனுமதிக்கும் உரிமமாக இருக்க வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகை நிறுவனம் எத்தனை சிசி வரை தரும், மாநில எல்லை தாண்டலாமா, விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் அந்தக் குழப்பம் இல்லை.

பெர்த் வாசகி: யூக்லாவில் கடிகாரம் முக்கால் மணி நேரம் வேறுபடும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. கைகூனாவுக்குக் கிழக்கிலிருந்து பார்டர் வில்லேஜ் வரை பெர்த் நேரத்தைவிட 45 நிமிடம் முன்னால். தெற்கு ஆஸ்திரேலிய நேரம் பெர்த்தைவிட ஒன்றரை மணி முன்னால். அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் தொடக்கம் வரை இரண்டரை மணி. கிழக்கே போகும்போது கடிகாரத்தில் மணி பறிபோகும். ஏழு மணிக்குச் சமையலறை மூடும் ரோட்ஹவுஸுக்கு உங்கள் கைக்கடிகாரத்தில் ஆறரைக்குப் போய் நின்றால் சாப்பாடு கிடைக்காது. அறையைப் பதிவு செய்யும்போதே சாப்பாட்டு நேரத்தை உள்ளூர் மணியில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அஸ்தமன நேரத்தையும் அந்த ஊருக்கே பாருங்கள்.

சிட்னி வாசகி: கறிவேப்பிலை, எலுமிச்சை, பச்சை மிளகாய் எடுத்துப் போகலாமா? வழியில் சமைத்துச் சாப்பிடுவோம்.

மேற்கே போகிறவர்களுக்குப் பார்டர் வில்லேஜில் தாவரத் தடுப்புச் சோதனைச் சாவடி. கிழக்கே போகிறவர்களுக்குச் செடூனாவில். மேற்கே போகும்போது பழம், காய்கறி, கறிவேப்பிலை, தேன் எதையும் கொண்டுபோக முடியாது. கிழக்கே போகும்போது பழ ஈ பரவாமலிருக்கப் பழங்களையும் காய்கறிகளையும் வாங்கிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். மறைத்தால் அபராதம். கடுகு, கொத்தமல்லி போன்ற முழு விதைகளை மறைக்காமல் எடுத்துக் காட்டுங்கள். கடைப் பொட்டலத்தில் உள்ள மிளகாய்ப் பொடி, சாம்பார் பொடி, புளிக்காய்ச்சல், அவல், ரவை இவை போதும்; எலுமிச்சைக்குப் பதில் புளி. சக்கரத்திலும் பெட்டி அடியிலும் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டு வந்தால் சாவடியில் நேரம் மிச்சம். அடுப்புக்கு எரிவாயு உருளை, பாலை நிலத்தில் விறகு பொறுக்க வேண்டாம். தீத்தடை நாட்களில் எரிவாயு அடுப்புக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதால் அன்றைய நிலையை ரோட்ஹவுஸில் கேட்டுவிட்டுப் பற்றவையுங்கள்.